சூடானால் பிடிக்காத பத்மினி

காட்பாடிக்காரன்: அப்பாவின் பழைய பத்மினி கார், காலையில் சாவி திருப்பினதும் பிடித்துக்கொள்கிறது. ஆம்பூர் போய் டீ குடித்துவிட்டு வந்தால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை, ஆறவிட்டால் மறுபடி சமர்த்தாக ஓடுகிறது. பேட்டரி புதுசு அண்ணா.

சத்துவாச்சாரி: வேலூர் வெயில் தம்பி, வேறென்ன! பெட்ரோல் பம்பு இன்ஜினோடு ஒட்டியிருப்பதால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பெட்ரோலையும் காற்றையும் கலக்குகிற கார்புரேட்டருக்கு ஒன்றும் போய்ச் சேராது. பம்பு மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்க.

ராணிப்பேட்டை: முதலில் பிளக்கில் ஸ்பார்க் (தீப்பொறி) வருதா பாருங்க, சூடாக இருக்கும்போதே. ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் இரும்பில் வைத்து செல்ஃப் அடித்தால் நீலமாகப் பளிச்சென்று வரணும். மஞ்சளாக மங்கினால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தருகிற காயிலோ, அதோடு சேர்ந்த கண்டன்சரோ சூட்டில் படுத்துக்கொள்கிறது. பெட்ரோல் கசிவு இருந்தால் மட்டும் இதைச் செய்யவே வேண்டாம்.

காட்பாடிக்காரன்: ஸ்பார்க் நீலம்தான். ஈரத்துணி போட்டதும் பிடித்துவிட்டது!

சத்துவாச்சாரி: சரி, அப்புறம் பெட்ரோல் ஹோஸ் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகிறதா பார்த்துத் தள்ளிக் கட்டுங்க.