தக்காளி இலை ஊதா ஆனது ஏன்?

மாலதி சித்தி: தக்காளிக் கன்று ஒன்று வளரவே மாட்டேன் என்கிறது. இலையைத் திருப்பினால் அடியெல்லாம் ஊதா. படம் போட்டிருக்கிறேன். பூச்சியா?

பெரியப்பா: ஒரு பிடி யூரியா போடும்மா.

கவின்: யூரியா வேண்டாம் பெரியப்பா. அது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அது குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறை மாதிரி தெரிகிறது. சித்தி, ராத்திரி குளிர் அதிகமா? குளிரிலும் ஊதா வரும்.

மாலதி சித்தி: குளிர்தான். ஆனால் பக்கத்துத் தொட்டி நன்றாக இருக்கிறதே.

கவின்: அப்படியானால் மண்தான். அந்த ஊதா செடியே தயாரிக்கிற சாயம், ஆந்தோசயனின். மணிச்சத்து குறைந்ததும் பி.எச்.ஆர்.1 என்ற புரதம் ஏகப்பட்ட மரபணுக்களை முடுக்கிவிடும். சாய மரபணுக்களும் அதில் சேர்த்தி.

தேவி அக்கா: மண்ணில் இருப்பது வேர். இலைக்கு என்னடா வேலை?

கவின்: அங்கேதான் வேடிக்கை அக்கா. மைஆர்399 என்று ஒரு குட்டி ஆர்.என்.ஏ., மரபணுவிலிருந்து நகலெடுத்த துண்டுச் சீட்டு மாதிரி, 21 எழுத்துதான். இலையில் உருவாகி, சர்க்கரை இறங்குகிற குழாய் வழியாக வேருக்குப் போகும். ‘போதும், உறிஞ்சாதே’ என்று அடக்கி வைக்கிற புரதம் ஒன்று அங்கே உண்டு. அதை உருவாகவிடாமல் செய்துவிடும். அப்புறம் வேர் கிடைத்ததையெல்லாம் இழுக்கும்.

பெரியப்பா: பசித்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

கவின்: அதேதான் 😄 வேர்மயிரும் நீளும். தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் என்றால் கதை வேறு. மண்ணில் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும் பக்கவேர் கொத்தாகக் கிளம்பும். 1975-லேயே பார்லியில் காட்டிவிட்டார்கள்.

தேவி அக்கா: என் அவரைக்கு உரம் போட்டுப் போட்டு, பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே காணோம்!

கவின்: அந்த முடிச்சில்தான் காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தருகிற பாக்டீரியா குடியிருக்கும். நைட்ரேட் தாராளமாகக் கிடைக்கும்போது அதை வைத்துச் சோறு போடுவானேன்? முடிச்சு மரபணுக்களை அவரையே அடக்கிவிடும்.

மாலதி சித்தி: சரி, எனக்கு வழி சொல்லு.

கவின்: முதலில் மண்ணின் பி.எச். பாருங்கள். புளிப்போ காரமோ மிஞ்சினால், மணிச்சத்து இருந்தும் மண்ணோடு கட்டிப்போய்க் கிடக்கும். போட்டதும் வீண். சரிசெய்த பிறகு புது இலையைக் கவனியுங்கள், பழைய ஊதாவை அல்ல.

மாலதி சித்தி: நீ சொன்னது நிஜம்தான். வேரெல்லாம் பஞ்சு மாதிரி மயிர், மண் உதிரவே இல்லை.

பெரியப்பா: கன்றைப் பிடுங்கிவிட்டாயா?! முதலில் நட்டுத் தண்ணீர் ஊற்றும்மா!