பங்கோர் தீவின் இருவாட்சிப் பறவையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செம்பனை நிழல், ஆயர் தாவார்:

எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), மலேசியாவின் பங்கோர் தீவுக்குப் படகேறும் லுமுட் படகுத்துறைக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் வீட்டில் கடல் என்றாலே மாசி மகம்தான். பங்கோர் பத்திரகாளியம்மன் ஆலயத்தில் சாமி கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு படகேறிவிடுவோம். ஆலயம் இருப்பது தீவின் கிழக்குக் கரை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

கேமரா வாங்கிய பிறகு நான் போவதெல்லாம் அந்த மேற்குப் பக்கம்தான். தெலுக் நிப்பாவில் கயாக் வாடகைக்குக் கிடைக்கிறது. எதிரே கியாம், மெந்தாகோர் என்று இரண்டு குட்டித் தீவுகள். காலையில் அலை குறைவு. ஆனால் வெயில் மலையைத் தாண்டி வர நேரமாகும். கரையோரம் முழுக்க நிழல். கேமராவின் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200க்கு ஏற்றாவிட்டால் பறவையின் கறுப்பு இறகில் ஒன்றும் எடுபடாது.

அன்று பாறை முனையைச் சுற்றி வரும்போது முதலில் கேட்டது சத்தம். பெரிய அலகுள்ள இந்த இருவாட்சியின் பறக்கும் இறகுகளுடைய அடிப்பகுதியை மூடுவதற்குச் சிற்றிறகுகள் கிடையாது. அந்த இடைவெளியில் காற்று புகுந்து, ஒவ்வோர் அடிப்புக்கும் புஸ் புஸ்ஸென்று ஒலிக்கும். ஒரு ஜோடி வந்து, தண்ணீர்மேல் சாய்ந்து நின்ற அத்திமரத்தில் இறங்கியது. துடுப்பை மடிமேல் போட்டுவிட்டு அசையாமல் இருந்தேன். நீரோட்டமே என்னை மரத்தடிக்குக் கொண்டுபோனது. ஆண் பறவை பழத்தை அலகு நுனியில் கிள்ளுகிறது. நாக்கு குட்டை, அந்த நுனிவரை எட்டாது. ஆகவே தலையைப் பின்னுக்குச் சொடுக்கிப் பழத்தை எறிந்து தொண்டையில் வாங்கிக்கொள்கிறது. பழம் அலகுக்குள் அந்தரத்தில் நிற்கும் அந்த நொடிதான் எனக்கு வேண்டும். கயாக் ஆட, கையும் ஆட, பெரும்பாலும் கிடைத்தது வாலும் இலையும். ஒரே படம் தேறியது. அதிலும் அடிவயிற்று வெள்ளை கொஞ்சம் வெளிறிவிட்டது. பரவாயில்லை.

இதைச் சொல்லக் காரணம், மாலையில் அதே கடற்கரையில் நடப்பது. பப்பாளித் துண்டை நீட்டினால் இதே இனம் கம்பியில் வரிசையாக வந்து உட்காருகிறது. அங்கே எடுத்த படங்கள்தான் எல்லார் கைப்பேசியிலும். எனக்கு அவை பிடிப்பதில்லை. பறவை இருக்கிறது, அதன் பிழைப்பு படத்தில் இல்லை. உங்கள் அனுபவம் எப்படி?

சித்தியவான் அக்கா:

தம்பி, படம் அழகு. ஆனால் முட்டி வலியோடு நடக்கும் என் மாமியாரை எந்தக் கயாக்கில் ஏற்றுவது? ஆயுள் முழுக்கப் பால்மரம் (ரப்பர்) சீவியவர். அந்தக் கம்பிக்குச் சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். இருவாட்சிக்குக் கண்ணிமையில் மயிர் உண்டு, தெரியுமா? நீளமாக, வளைந்து இருக்கிறது. அதை முதலில் கண்டவர் மாமியார்தான். “மை எழுதியிருக்கிறாள் பார்” என்று சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. ரொட்டி போடுகிறவர்களை நானும் திட்டியிருக்கிறேன். பழம் கொடுத்தால் என்ன குறை?

ஓய்வுபெற்ற தண்டல் (தோட்டக் கண்காணி):

குறை இருக்கிறதம்மா. எங்கள் தோட்டத்தில் எலி செம்பனை (எண்ணெய்ப் பனை) குலையைக் கடித்து நாசம் செய்யும். அதற்காகக் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி வைப்போம். கூகை அதில் முட்டையிடும், இரவில் எலி பிடிக்கும். பெட்டிக்குள் நாங்கள் கோழிக்கறி வைத்ததில்லை. வைத்திருந்தால் எலியை யார் பிடிப்பது? இருவாட்சியும் வேலைக்காரப் பறவை. தின்ற பழத்தின் விதையைக் காட்டில் வேறோர் இடத்தில் கொண்டுபோய்ப் போடும். உதவ நினைத்தால் வீடு கொடுக்கலாம். சிங்கப்பூரின் உபின் தீவில் 1994இல் இந்தப் பறவை மறுபடி தென்பட்டது. பொந்துள்ள பெரிய மரங்கள் போதாததால் பிறகு பெட்டி செய்து மரத்தில் மாட்டினார்கள். அதில் குஞ்சு பொரித்துப் பெருகியிருக்கிறது.

பங்கோர் மலைப்பாதையில் பேரனோடு நடந்தபோது நான் கூட்டையே பார்த்தேன். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று மட்டும் மிச்சம். ஏறத்தாழ மூன்று மாதம் உள்ளேயே கிடக்கும். ஆண்தான் ஊட்ட வேண்டும். அது வந்து உட்கார்ந்தபோது அலகில் ஒன்றும் இல்லை. வெறும் வாயோடு வந்திருக்கிறதே என்று நினைத்தேன். தொண்டையிலிருந்து ஒரு பழத்தைக் கக்கி, நுனிக்கு உருட்டிக் கொண்டுவந்து, கீற்றில் நீட்டியது. உள்ளிருந்து ஓர் அலகு நுனி வாங்கிக்கொண்டது. பிறகு இன்னொன்று, அதன் பிறகும் இன்னொன்று. எத்தனை பழத்தைத் தொண்டையில் அடக்கி வந்ததோ! பேரன் கிட்டப் போய் ஃபிளாஷ் போட்டு எடுக்கப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஆண் மிரண்டு வராமல் போனால் உள்ளே இருப்பவள் பட்டினிதான்.

லுமுட் துடுப்பு:

நான் பறவைக்காரன் இல்லை, கூடாரக்காரன். பங்கோருக்குத் தெற்கே உள்ள செம்பிலான் தீவுகளில் நிலவில்லாத இரவில் துடுப்புப் போட்டால் தண்ணீர் நீலமாக ஒளிரும். அது நுண்ணுயிரிகளின் வேலை. அதை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்று உண்டு, மேற்கிலிருந்து திடீரென்று மழையோடு அடிக்கும் சூறைக்காற்று. பெரும்பாலும் விடியலுக்கு முன்தான் வரும். மேற்கே மின்னல் தெரிந்தால் படம் போதும், கயாக்கை மேலே இழுத்துக் கட்டுங்கள். நான் கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியில் நீர் கூடுதலாக ஏறும், ஈர மணலில் கூடாரம் அடிக்க வேண்டாம். கேமராவை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணி உப்பைத் தேய்த்துக் கீறிவிடும். மணல் ஈக்கு முழுக்கால் சட்டைதான்.

செம்பனை நிழல், ஆயர் தாவார்:

அக்கா, பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், என் படத்தில் அந்த இமை மயிர் இல்லை. மாமியாருக்கு என் வணக்கம். ஆனாலும் பழம் நீட்டும் விஷயத்தில் நான் தண்டல் ஐயா பக்கம்தான். அத்திமரம் எங்கே, பொந்து எங்கே என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: சொல்வதாக இல்லை. ஐயாவும் சொல்ல வேண்டாம். நாளைக்கே பத்துப் பேர் கேமரா முக்காலியோடு போய் நிற்பார்கள். கரையோரம் அத்திமரங்கள் வேறும் உண்டு. துடுப்புப் போட்டுத் தேடிக்கொள்ளுங்கள்.