போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்: வாசித்த மூவரின் அனுபவங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) ஈடுபட்ட படைவீரர்களின் கடிதங்களைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து படியெடுக்கும் தன்னார்வப் பணியில் சில காலமாக ஈடுபட்டு வருகிறேன். போர்க்களச் செய்திகளை எதிர்பார்த்துத்தான் தொடங்கினேன். ஆனால் அந்தத் தாள்களில் சண்டையைவிட வீடே அதிகம் இருந்தது. அனுப்பிய சம்பளப் பணம் கைக்கு வந்ததா, அறுவடைக்கு ஆள் கிடைத்ததா, கடன் கொடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது என்று, எங்கோ ஒரு கூடாரத்தில் உட்கார்ந்துகொண்டு குடும்பத்தை நடத்த முயலும் மனிதர்களைத்தான் அவற்றில் கண்டேன்.

ஒன்றிய அரசின் பக்கம் நின்ற வடக்குப் படையினர் 3 சென்ட் அஞ்சல்தலை வாங்க வழியில்லாதபோது, உறையின்மேல் ‘படைவீரர் கடிதம்’ என்று குறித்து அனுப்பலாம். கட்டணத்தை வீட்டார் செலுத்திப் பெற்றுக்கொள்வார்கள். ஒன்றியத்திலிருந்து பிரிந்த தெற்கில் போர் நீள நீளக் காகிதமே அரிதாகி, சுவரில் ஒட்டும் தாளை மடித்தும், வந்த உறையையே உட்புறம் வெளியே வரும்படி திருப்பியும் பயன்படுத்தினார்கள். பக்கம் நிறைந்தபின் தாளைக் குறுக்கே திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மீண்டும் எழுதும் வழக்கமும் இருந்தது. அத்தகைய பக்கத்தைப் படியெடுக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகிவிடும். பலர் பேசுகிறபடியே எழுத்துக்கூட்டி எழுதியிருப்பதால், கண்ணால் படித்துப் புரியாத வரி வாய்விட்டுப் படித்தவுடன் புரிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் எழுதியவரின் குரலே காதில் விழுவதுபோல் இருக்கும்.

*

நான் சல்லிவன் பல்லூவின் கடிதத்தின் வழியாகத்தான் இத்துறைக்குள் வந்தேன். ரோட் ஐலண்ட் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1861 ஜூலை 14 அன்று மனைவி சாராவுக்கு எழுதினார். ஒரு வாரத்தில் முதலாம் புல் ரன் போரில் படுகாயமுற்று, அம்மாத இறுதிக்குள் இறந்தார். கடிதம் அஞ்சலில் சேர்க்கப்படாமல் அவருடைய உடைமைகளோடுதான் வீடு சேர்ந்தது. அதன் மொழியழகை நானும் போற்றுகிறேன். ஆயினும் அவர் சட்டம் பயின்றவர் என்பதையும், மேலே சொல்லப்பட்ட தட்டுத்தடுமாறிய கடிதங்களை எழுதியவர்களின் அன்பு அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதையும் நினைவில் கொள்ள விரும்புகிறேன்.

*

என்னை உலுக்கிய கடிதம் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் எழுதியது. மிசூரி மாநிலத்தில் அடிமையாக இருந்து, தப்பி வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர் அவர். 1864 செப்டம்பரில், செயின்ட் லூயிஸ் நகரில் பென்டன் பாசறை மருத்துவமனையில் இருந்தபடி, இன்னும் அடிமைத்தளையில் இருந்த தம் மகள்களுக்கு, உயிரே போனாலும் உங்களை மீட்டே தீருவேன் என்று எழுதினார். பிரிந்த தென்மாநிலங்களின் அடிமைகளை விடுவித்த, 1863ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனம், பிரியாமல் ஒன்றியத்திலேயே இருந்த மிசூரிக்குப் பொருந்தாததால், படைச்சீருடை அணிந்த தந்தையின் பிள்ளைகள் அப்போதும் பிறருடைய உடைமையாகவே கருதப்பட்டார்கள். மகள் மேரியை அடிமையாக வைத்திருந்த எசமானி கிட்டி டிக்ஸுக்கும், பிள்ளைகள் என்னுடையவர்கள், அவர்களைப் பெற்றே தீருவேன் என்று தனியாக ஒரு கடிதம் எழுதினார்.

இக்கடிதங்கள் நமக்குக் கிடைத்த விதம் இன்றும் மனத்தை வருத்துகிறது. அந்த எசமானியின் சகோதரர் இவற்றைப் படைத்தளபதி ரோஸ்கிரான்ஸிடம் புகாராக அனுப்பினார். அதனால்தான் அரசு ஆவணங்களில் தங்கின. அன்போடு பாதுகாக்கப்பட்ட கடிதங்களை மட்டுமே அதுவரை வாசித்திருந்த எனக்கு, தந்தையின் வாக்குறுதி குற்றச்சாட்டுக்குச் சான்றாகக் கோப்பில் கிடந்ததை ஏற்பது எளிதாக இல்லை.

மேரி 1937இல், தம் 85ஆம் வயதில், செயின்ட் லூயிஸில் அளித்த நேர்காணலும் பதிவாகியிருக்கிறது. தந்தையுடைய எசமானரின் மகனே தந்தைக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்ததாகவும், தந்தை விடுதலைச் செய்தியை மற்ற அடிமைகளுக்கு வாசித்துக் காட்டியது எசமானரைச் சினமூட்டியதாகவும் அவர் அதில் கூறுகிறார். கடிதங்களை முதலிலும் நேர்காணலை அடுத்தும் வாசிக்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.