தன்பால் காதல் மர்ம நாவல்களில் வரும் உதிரி மனிதர்களின் கூட்டம் ஏன் இவ்வளவு ஈர்க்கிறது?

நூலகவாசி:
கே. ஜே. சார்ல்ஸ் 2017இல் வெளியிட்ட 'சின்ஸ் ஆஃப் த சிட்டீஸ்' நாவல் வரிசையை அண்மையில் படித்து முடித்தேன். 1873ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் கதை அது. விடுதி நடத்துபவர், இறந்த விலங்குகளைப் பாடம் செய்பவர், பத்திரிகையாளர், ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லி ஏமாற்றிப் பிழைப்பவர், அந்தரத்தில் ஊஞ்சலாடும் கலைஞர், ஒரு கை மட்டுமே உள்ள துப்பறிவாளர் என்று எந்தச் சபையிலும் இடம் கிடைக்காதவர்கள் அதில் ஒன்று சேர்கிறார்கள். ஒவ்வொரு நாவலிலும் காதல் இருவருக்கிடையில்தான் என்றாலும், படித்து முடித்த பின் மனத்தில் தங்கியது அந்தக் கூட்டம்தான். ஆண் பெண் காதலைச் சொல்லும் மர்ம நாவல்களில் நண்பர்கள் வந்து உதவிவிட்டுப் போகிறார்கள். இங்கே அவர்களை நீக்கினால் கதையே நடக்காது. இது இந்த வகைக்கே உரிய இயல்பா, ஆசிரியரின் தனித்திறமையா?

சட்டப்படி:
வகைக்கே உரிய இயல்பு என்றுதான் சொல்வேன், நண்பரே. அதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு இங்கிலாந்தில் 1861 வரை மரண தண்டனை இருந்தது. அதன் பிறகு அது நீண்ட காலச் சிறைத்தண்டனையாக மாறியது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவோ, நான்கு சுவர்களுக்குள் நடப்பதையும் சேர்த்து, ஆண்களுக்கிடையிலான எந்த நெருக்கத்தையும் இரண்டாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கியது. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு எழுதிக் கொடுத்த சாசனம் என்றே அதை அழைத்தார்கள். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் தன் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று மிரட்டிப் பணம் கேட்பவர்களின் கைக்குப் போனது 1895ஆம் ஆண்டு வழக்கில் வெளிவந்தது.

மற்ற மர்மக் கதைகளில் ஆபத்து வந்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம். இங்கே புகார் கொடுக்கப் போகிறவரே குற்றவாளியாகிவிடுவார். விடுதி அறையில் இரண்டு கட்டில்கள் இருந்து, ஒன்றில் மட்டும் விரிப்பு கலைந்திருந்தால், காலையில் கூட்டிப் பெருக்க வரும் பணிப்பெண்ணின் வாயில் இருவரின் வாழ்க்கையும் இருக்கிறது. அதனால் படுக்காத கட்டிலின் விரிப்பையும் கசக்கிவிட்டுத்தான் அவர்கள் வெளியேற வேண்டும். அப்படிப்பட்டவர் தன் இக்கட்டை யாரிடம் சொல்வார்? தன்னைப் போலவே மறைக்க ஏதோ ஒன்று உள்ளவரிடம்தான். அங்கேதான் அந்தக் கூட்டம் உருவாகிறது. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவோடு 2018 வரை வாழ்ந்த நமக்கு இந்த அச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திரைநோக்கி:
மேலே சொன்னதற்கு நேர் சான்றாக, பேசில் டியர்டன் இயக்கி 1961இல் வந்த 'விக்டிம்' திரைப்படத்தைப் பார்க்கலாம். தான் நேசித்த வழக்குரைஞரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத இளைஞன், மிரட்டியவர்களுக்குக் கொடுப்பதற்காக வேலை செய்த இடத்தில் பணத்தைத் திருடி, பிடிபட்டபின் காவலறையில் தூக்கிட்டுக்கொள்கிறான். அதன் பிறகு அந்த வழக்குரைஞர் தேடிப் போகும்போதுதான், முடிதிருத்துபவர், நடிகர் என வெவ்வேறு தொழில் செய்யும் பலரும் அதே வலையில் சிக்கியிருப்பது தெரிகிறது. ஆனால் அவர்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள், கூட்டமாகத் திரளவேயில்லை. அந்தப் படத்தின் துயரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அன்று திரளாமல் போனவர்களை இன்றைய நாவலாசிரியர்கள் திரட்டிக் காட்டுகிறார்கள் என்பதாலேயே இந்தக் கதைகள் எனக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன.

மாலைவாசிப்பு:
சட்டம் பாதி விடைதான் என்பது என் எண்ணம். அந்தச் சட்டத்தின் பிடி இங்கிலாந்தில் 1967இல் தளர்ந்தது. இன்றைய காலத்தில் நடப்பதாக எழுதப்படும் கதைகளிலும் இந்தக் கூட்டம் இருக்கத்தானே செய்கிறது? பெற்ற வீடு கதவைச் சாத்தியவர்களுக்கு வேறு வீடு வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, எந்தக் குணத்துக்காக ஒருவரை ஊர் ஒதுக்கியதோ, அதே குணத்தால் கதையின் முடிச்சு அவிழ்கிறது. முகக்குறிப்பை வைத்தே எதிராளியின் மனத்தைப் படித்துக் காசு பறித்த போலி ஆவியுலகத் தொடர்பாளரின் கண், கொலைகாரனின் பொய்யைக் கண்டுபிடிக்கவும் உதவும். அவரைத் திருத்தி நல்லவராக்கிய பிறகுதான் ஏற்றுக்கொள்வோம் என்று கூட்டத்தில் யாரும் நிபந்தனை விதிப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இரு ஆண்களின் காதலைச் சொல்லும் 'மாரிஸ்' நாவலை 1913–14இல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர், அதன் முடிவு மகிழ்ச்சியானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அந்த நாவலோ அவர் இறந்த பிறகு 1971இல்தான் அச்சேறியது. காதல் நாவலில் இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்பது எழுதப்படாத ஒப்பந்தம் என்பதால், எவ்வளவு இருண்ட ஆபத்துக்குள்ளும் நாம் அஞ்சாமல் நுழைய முடிகிறது. நண்பர்களுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. அவர்களில் யாரும் இறந்துபோகலாம், காட்டிக்கொடுக்கலாம். உண்மையான பதைபதைப்பு அவர்களிடமிருந்துதான் வருகிறது. பூட்டுத் திறக்க ஒருவர், கணினிக்கு ஒருவர் என்று ஆள் எண்ணிச் சேர்க்கும் நாவல்கள் சலிப்பூட்டுவதும் இதனால்தான்; அவர்களில் ஒருவர் போனாலும் நமக்கு வலிப்பதில்லை.