கண்காணிப்பு ஆய்வு வெறும் வேடிக்கையா?

தராசு:
நேற்று நிரூபணம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கண்காணிப்பு ஆய்வு என்பது ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது. சோதனை ஒன்றுதான் அறிவியல். 1954 போலியோ தடுப்பூசி ஆய்வே சாட்சி" என்று மூன்றே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வை முழுதாகப் படித்தாரா? அதில் பெரிய பகுதி குலுக்கல் இல்லாமல், அதாவது யாருக்கு ஊசி என்று சீட்டுப் போட்டு எடுக்காமல் நடந்தது. இரண்டாம் வகுப்பில் பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எதுவும் போடாமல் கவனித்தார்கள். மருந்தில்லாத வெற்று ஊசியும் (பிளாசிபோ) கிடையாது. அந்தப் பகுதிகளில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள். அதுவும் வேடிக்கைதானா?

நிரூபணம்:
படித்துவிட்டுத்தான் எழுதினேன், தராசு சார். நீங்கள் வசதியாக விட்டுவிட்ட இன்னொரு பகுதியைச் சொல்கிறேன். அங்கே சம்மதம் கிடைத்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். சுமார் 2 லட்சம் பேருக்குத் தடுப்பூசி, 2 லட்சம் பேருக்கு வெற்று ஊசி. எது யாருக்கு என்று பெற்றோருக்கும் தெரியாது, நோயை உறுதிசெய்த மருத்துவருக்கும் தெரியாது. போலியோ வந்தது தடுப்பூசி போட்டவர்களில் லட்சத்துக்கு 28 பேர், வெற்று ஊசி போட்டவர்களில் 71 பேர். சம்மதம் தராத வீட்டுப் பிள்ளைகளில் எவ்வளவு தெரியுமா? 46! குலுக்கல் இல்லையென்றால் 28ஐ இந்த 46உடன்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். 60 சதவீதத்துக்கு மேல் இருந்த பலன் 40க்கும் கீழே போயிருக்கும். 46ஐ விளக்கிவிட்டு மேலே பேசுங்கள்.

தராசு:
விளக்கமா? தாராளமாக. சம்மதம் தராத குடும்பங்களில் ஏழைகள் அதிகம். சுகாதாரம் குறைந்த சூழலில் வளரும் குழந்தைக்கு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் இருக்கும்போதே கிருமி தொற்றிவிடும். லேசாக வந்து போய், பின்னால் அதுவே காப்பாகிவிடும். அதனால்தான் 46. இதை எந்தக் குலுக்கல் சொன்னது? எந்தக் குழந்தையை ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் குலுக்கிப் போட்டுப் பார்த்தார்கள்? உங்கள் 46 என்ற எண்ணே கவனித்துப் பதிவு செய்ததால் கிடைத்தது!

அகல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். யாருக்கு எது என்று ஆய்வாளர் முடிவு செய்தால் சோதனை, தானாக நடப்பதைப் பதிவு செய்தால் கண்காணிப்பு. இரண்டாம் வகுப்புக்கு ஊசி என்று முடிவு செய்தவர்கள் ஆய்வாளர்கள்தானே? அப்படியென்றால் அது குலுக்கல் இல்லாத சோதனை. முதலில் இதை இருவரும் ஒத்துக்கொண்டால் என்ன?

நிரூபணம்:
46ஐ நீங்களே எனக்குச் சாதகமாக விளக்கிவிட்டீர்கள், நன்றி. ஏழை வீடு, பணக்கார வீடு என்று பின்னால் ஒளிந்திருந்த காரணம் கணக்கையே திருப்பிவிட்டது. குலுக்கல் அந்தக் காரணத்தை இரண்டு பக்கமும் பரப்பிவிடும், நமக்கு அதன் பெயர் தெரியாவிட்டாலும். 1976இல் தொடங்கிய அமெரிக்கச் செவிலியர் கண்காணிப்பு ஆய்வு என்ன சொன்னது? மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு என்றது. 2002இல் 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்த சோதனை வெளியானது. ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இதய நோய் 29 சதவீதம் கூடுதல்! இன்னும் எத்தனை 46 வேண்டும்?

தராசு:
பாதிக் கதையோடு எழுந்து போவது உங்கள் பழக்கம். போன மாதம் காபி பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். 2002 சோதனையில் பெண்களின் சராசரி வயது 63. செவிலியரில் பலர் மாதவிடாய் நின்ற உடனேயே தொடங்கியவர்கள். அதே செவிலியர் தரவை, மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணும்படி பின்னால் மறுபடி அலசினார்கள். இரண்டுக்கும் இருந்த முரண் பெருமளவு கரைந்துவிட்டது. தவறு கவனித்ததில் இல்லை, எண்ணிய விதத்தில்.

சரி, நான் கேட்கிறேன். புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய் தரும் என்பதை எந்தக் குலுக்கல் நிரூபித்தது? டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். யார் எதனால் இறக்கிறார்கள் என்று வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 1954இலேயே முதல் முடிவு வந்துவிட்டது. பாதிப் பேரை 20 வருடம் சிகரெட் பிடிக்கச் சொல்லிச் சோதனை நடத்தியிருக்க வேண்டுமா?

பழையபேனா:
இதை மறுத்து எழுதியவர் யார் என்று நிரூபணத்திடம் கேளுங்கள். குலுக்கல் முறையின் தந்தை, புள்ளியியல் அறிஞர் ஃபிஷர். புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயும் தரலாம் என்றார். அதே சமயம் புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகர்!

நிரூபணம்:
ஆளைப் பார்த்து வாதத்தை எடை போடுவதா? 1935இல் சோதனை வடிவமைப்புக்கு நூல் எழுதியவரை இரண்டு வரியில் தூக்கி எறிகிறீர்கள். அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

பழையபேனா:
காசு வாங்கியவர் கேட்டது சரியான கேள்வியா? உங்கள் தட்டில் விழுந்தால்தான் எல்லாம் சரி.

தராசு:
பழையபேனா, காசை விடுங்கள், கேள்விக்கே பதில் உண்டு. 1959இல் புள்ளியியல் அறிஞர் கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். புகைப்பவருக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அதை முழுதாக விளக்க வரும் மறைவான காரணம் புகைப்பவரிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு மரபணுவை யாராவது காட்டினார்களா?

நிரூபணம்:
9 மடங்கு என்றால் சரி. 1.3 மடங்கு, 1.5 மடங்கு என்று தினம் ஒரு செய்தி வருகிறதே, அதற்கெல்லாம் கார்ன்ஃபீல்டு வருவாரா? அங்கேதான் 46 கடிக்கிறது.

தராசு:
சோதனை என்று பெயர் வைத்தாலே புனிதமாகிவிடுமா? 1930இல் ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷரில் 20,000 பிள்ளைகளை வைத்துப் பால் சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்குப் பால். குலுக்கலில் குழு சரியாக அமையவில்லை என்று பட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி. அவர்கள் இரக்கப்பட்டு மெலிந்த பிள்ளைகளைப் பால் பக்கம் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது. பால் கிடைக்காத குழு தொடக்கத்திலேயே உயரமும் எடையும் கூடுதல்! ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியல் அறிஞர் காசெட் 1931இல் இதைப் பிரித்து மேய்ந்தார்.

நிரூபணம்:
அது குலுக்கலைக் கெடுத்ததால் வந்த வினை. என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறீர்கள்.

அகல்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தராசு:
எல்லாமே உங்கள் கட்சிக்குப் பலம்தான், தோற்றாலும் பலம்! 1954க்கே திரும்புவோம். குலுக்கல் இல்லாத பகுதியின் எண்களை ஏன் இதுவரை வாயே திறக்கவில்லை? ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு 25, போடாத வகுப்புகளில் 54. தடுப்பூசி வேலை செய்கிறது என்று அங்கேயும் பளிச்சென்று தெரிகிறது. சம்மதம் தராதவர்களில் 44. உங்கள் 46க்கு பக்கத்திலேயே நிற்கிறது.

நிரூபணம்:
54இல் சம்மதிக்கும் வீட்டுப் பிள்ளைகளும் சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள். அதனால்தான் 71க்கு பதிலாக 54. பலனைக் குறைத்துக் காட்டுகிறது. 46க்கு இன்னும் பதில் வரவில்லை.

தராசு:
46க்கு மூன்று முறை பதில் சொல்லியாகிவிட்டது, மேலே போய்ப் படியுங்கள். நீங்கள் 44க்கு பதில் சொல்லுங்கள்.