புனிதர் வரலாறு வாசித்த பிறகு எதில் தொடங்குவது?

கேள்வி – அன்பிய வாசகர்

தவக்காலத்தில் எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் செபக்குழு) புனிதர் வரலாறு வாசிக்கிறோம். கேட்டதும் உள்ளம் உருகி, கடும் நோன்பு, இராச்செபம் என்று பலர் தீர்மானிக்கிறார்கள். இரண்டாம் வாரமே விட்டுவிடுகிறார்கள். வேலை, பிள்ளைகுட்டி என்று இருப்பவர்கள் புனிதர்களின் முன்மாதிரியை எப்படிக் கடைப்பிடிப்பது?

பதில் – மன்ரேசா

அந்த அவசரம் புனிதர்களுக்கும் இருந்தது. 1521-ல் பம்ப்லோனாப் போரில் கால் முறிந்து, லொயோலாவில் தம் வீட்டில் படுத்திருந்த இஞ்ஞாசியார் (பிற்பாடு இயேசு சபையை நிறுவியவர்) புனிதர் வரலாறுகளை வாசித்து, ‘சாமிநாதர் செய்ததை நானும் செய்ய வேண்டும், அசிசியார் செய்ததை நானும் செய்ய வேண்டும்’ என்று எண்ணினார். மறு ஆண்டு ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் நாளுக்கு ஏழு மணி நேரச் செபம், ஒருமுறை வாரம் முழுக்கப் பட்டினி. பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு கட்டளையிட்ட பிறகுதான் உண்டார். உடம்பு கெட்டது. அவரே 1548-ல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், செப நேரத்தைப் பாதியாகக் குறைக்கவும் உடலைப் பேணவும் சொன்னார். ஆகவே உடலை வருத்தும் ஒறுத்தல் எதையும் ஆன்ம குருவைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

அவர் விட்டுச்சென்ற தனி ஆன்ம சோதனை நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது. ஒரே ஒரு குறையை எடுங்கள், அதுவும் எண்ணக்கூடியதாக. ‘பொறுமையாக இருப்பேன்’ என்பதை எண்ண முடியாது; ‘பிள்ளைகளிடம் கத்த மாட்டேன்’ என்பதை எண்ணலாம். காலையில் எழுந்ததும் அதை நினைத்துத் தீர்மானம். தவறும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கைவைப்பது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின், எழுந்ததிலிருந்து மணிவாரியாக யோசித்து, தாளில் அன்றைக்கென இரண்டு கோடு போட்டு, முதல் கோட்டில் தவறிய தடவைக்கு ஒரு புள்ளி. இரவு உணவுக்குப் பின் இரண்டாவது கோட்டில் அதேபோல. பிறகு மதியத்தை இரவோடும், நேற்றை இன்றோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும்.

பெரும்பாலும் மதியச் சோதனையை விடுவதால்தான் இது கெடுகிறது. இரவுக்குள் காலை நடந்தது மறந்துபோகும், கணக்கு ஊகமாகிவிடும். இன்னொன்று, இரவில் அந்த நாள் முழுவதையும் திரும்பிப் பார்க்கும் பொதுச் சோதனை நன்றியில் தொடங்க வேண்டும். அதைத் தாண்டி நேரே குற்றக்கணக்குக்குப் போனால் மனச்சோர்வுதான் மிஞ்சும்.

பதில் – சலேசியார் அன்பர்

ஆயர் ஒருவர் கார்த்தூசியத் துறவிபோல் தனிமையில் வாழ்வது தகுமா என்று பிரான்சிஸ் சலேசியார் 1609-லேயே கேட்டுவிட்டார். பக்தி அவரவர் நிலைக்கும் தொழிலுக்கும் பொருந்த வேண்டும் என்பது அவர் வாதம். கார்மேல் மடத்துத் துறவியான குழந்தை தெரசாளைப் பாருங்கள். துணி துவைக்கும்போது எதிரே நின்ற மடத்துச் சகோதரி கைக்குட்டைகளை அடித்த வேகத்தில் அழுக்குத் தண்ணீர் முகத்தில் தெறிக்கிறது. பின்வாங்கி முகத்தைத் துடைத்திருந்தால் அந்தச் சகோதரி உடனே உணர்ந்திருப்பார். தெரசாள் துடைக்கவில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படிப்பட்ட தருணம் தினமும் வரும், தேடிப் போக வேண்டாம்.

பதில் – குமரிக்காரர்

விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளை மட்டும் ‘நமக்கு எட்டாது’ என்று ஒதுக்கிவிடுகிறோம். நட்டாலத்துத் தேவசகாயம் 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டார். துப்பாக்கி முன் நிற்க நம்மை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனால் அரண்மனை அலுவலராயிருந்தும் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினாரே, அதை இன்றே செய்யலாம். அவர் திருவிழாவுக்குக் கொடியேற்றிவிட்டு, வீட்டு வரனுக்குச் சாதி விசாரிப்பது அவரைப் பின்பற்றுவது ஆகாது.

கேள்வி – அன்பிய வாசகர்

நன்றி. மறைக்கல்விச் சிறுவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?

பதில் – சலேசியார் அன்பர்

மணிக்கயிறு. சிறுமி தெரசாளும் அக்கா செலினும் சட்டைப்பையில் அதை வைத்திருந்து, ஒவ்வொரு தியாகத்துக்கும் ஒரு மணி தள்ளினார்கள். பத்து மணி போதும். ஒவ்வொரு மணியிலும் கயிற்றின் இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக நுழைத்து இறுக்கினால், தள்ளிய இடத்திலேயே மணி நிற்கும். ஒரே முனையைக் கோத்தால் வழுக்கிக் கணக்குப் போய்விடும். யார் எத்தனை மணி தள்ளினார் என்று வகுப்பில் கேட்காதீர்கள், பரிசும் வேண்டாம். கேட்கத் தொடங்கினால் பிள்ளைகள் செய்யாத தியாகத்துக்கும் மணி தள்ளுவார்கள்.