புதுப்பிப்பு: சிறுவருக்கான முதல் .22 ரைஃபிள், ஸ்டாக் அளவு

சிறுவருக்கு முதல் ரைஃபிள் என்றால், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் (கைப்பிடியை இழுத்துத் தள்ளி இயக்கும் வகை) .22 எல்ஆர் (லாங் ரைஃபிள் எனும் சிறு தோட்டா) என்று முன்பு சொன்னதில் மாற்றமில்லை. பலர் கேட்டது ஸ்டாக்கின், அதாவது தோளில் பதியும் பின்கட்டையின், அளவு.

சட்டை போல 'வளர்ந்தால் சரியாகும்' என்று பெரிதாக வாங்காதீர்கள். பெரியவர்களுக்கான ஸ்டாக்கில் ட்ரிகர் முதல் பின்முனை வரை சுமார் 13.5 அங்குலம், சிறுவர் மாடல்களில் 11.5 அளவில் இருக்கும். நீளம் கூடினால் பிள்ளை இடுப்பைப் பின்னால் வளைத்து, ஸ்டாக்கைத் தோளுக்குப் பதில் மேற்கையில் வைக்கும். பேரல் முனை தொங்கும். சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று பார்த்துவிட்டு, பிள்ளையின் முழங்கையை 90 டிகிரி மடக்கி உள்மடிப்பில் பின்முனையை வைத்துப் பாருங்கள்: ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்ட வேண்டும். ஸ்பேசர் (இடைத்துண்டு) சேர்த்து நீட்டக்கூடிய ஸ்டாக் கிடைத்தால் அதுவே லாபம்.

எடையா? மணல்மூட்டையில் தாங்கினால் போதும். டெலஸ்கோப் பிறகு; முதலில் பீப் சைட் (சிறு துளை வழியே குறி பார்க்கும் அமைப்பு). எந்தக் கண் ஆதிக்கக் கண் (குறி பார்க்கும்போது முந்தும் கண்) என்று வாங்கும் முன்பே பாருங்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். தோட்டாக்கள் பெரியவர் கையில் மட்டும்.